ஏழே ஏழு மீனா?

இதை டைப் பண்ணிட்டிருக்கும்போது வராண்டாவுல, பையன் கைக்குழந்தையா இருந்தப்ப குளிப்பாட்டின பிளாஸ்டிக் டப்புக்குள்ள, ரெண்டு கோய் மீன் சுத்திச் சுத்தி வந்துட்டிருக்கு. ஒண்ணு வெள்ளையில ஆரஞ்சுத் திட்டு. இன்னொண்ணு முழு மஞ்சள், பழுத்த பங்கனப்பள்ளி கலர்.

அழகா இருக்குங்க. அதான் கோவமே.

நடந்தது இதான். போன ஞாயித்துக்கிழமை நாத்தனாரும் அண்ணாவும் வந்திருந்தாங்க. (அண்ணான்னா நாத்தனார் வீட்டுக்காரர். எங்க அத்தைக்கு ஒரே மாப்பிள்ளை. அவர் வர்றார்னா கேசரியில முந்திரி தானா கூடிடும்.) சாப்ட்டு முடிச்சு, வெத்தலையை மென்னுக்கிட்டே பின்பக்கம் வந்தார். மீன் தொட்டிக்கிட்ட நின்னு ஒரு ரெண்டு நிமிஷம் பாத்தார்.

"என்னம்மா, இவ்ளோ பெரிய தொட்டி கட்டிட்டு ஏழே ஏழு மீனா?"

நான் சிரிச்சு வெச்சேன். வீட்டு மாப்பிள்ளைகிட்ட வேற என்ன பண்றது.

"ஒரு அம்பது அறுபது விட்டாத்தானே லட்சணமா இருக்கும்?"

அதுக்கும் சிரிச்சேன்.

திங்கக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் பைக்ல வந்து, காத்தடைச்ச பாலிதீன் கவரை நீட்டினான். "சார் குடுக்கச் சொன்னார்." உள்ள இந்த ரெண்டு பேரும்.

அண்ணாகிட்ட சொல்ல முடியாததையெல்லாம் இங்க கொட்டப் போறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். டீ போட்டுக்கிட்டு வந்துடுங்க.

*

தொட்டி கட்டி மூணு வருஷம் ஆச்சு. தாம்பரம் தாண்டி எங்க வீடு. பின்னாடி துவைக்கிற கல் சும்மாவே கிடந்த இடத்துல கட்டினோம். வீட்டுக்காரர் அதை 'குளம்'னுதான் சொல்வார். அத்தை ஒத்துக்கவே மாட்டாங்க. அவங்க மன்னார்குடிக்காரங்க. 20 ஏக்கருக்கு மேல விரிஞ்சு கிடக்கிற ஹரித்ராநதியைப் பாத்து வளந்தவங்ககிட்ட போய், துவைக்கிற கல் இருந்த இடத்தைக் காட்டிக் குளம்னா?

"தொட்டின்னு சொல்லும்மா போதும்."

சரி, தொட்டி.

கொத்தனார்கிட்ட சொன்ன அளவு 8 அடிக்கு 5 அடி, ஆழம் 2 அடி. பெருக்கினா 80 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக 2,264 லிட்டர். இந்த நம்பரை நான் ஒரு வருஷம் ஊர் முழுக்க சொல்லிட்டுத் திரிஞ்சேன். "ரெண்டாயிரத்து எரநூறு லிட்டர் தொட்டி வெச்சிருக்கேன்" அப்படின்னு, ஏதோ லாரி வெச்சிருக்கற மாதிரி.

ஒருநாள் தொட்டியைக் காலி பண்ணிக் கழுவும்போது டேப்பை உள்ள விட்டு அளந்தேன்.

8 அடி வெளி அளவாம். ரெண்டு பக்கமும் செங்கல் சுவரும் பூச்சும் சேந்து 10 அங்குலத்தை முழுங்கியிருக்கு. உள்ள 7 அடி 2 அங்குலம். அகலம் 4 அடி 2 அங்குலம். ஆழம் 2 அடிதான், ஆனா விளிம்பு வரைக்கும் யார் தண்ணி விடறா? மீன் எகிறிக் குதிச்சிடும்னு 4 அங்குலம் குறைச்சுத்தான் விடறோம். மறுபடி பெருக்கினா 1,400 லிட்டர் சொச்சம். அல்லித் தொட்டி மூணு மண்ணோட உள்ள உக்காந்திருக்கு, அதையும் கழிச்சா 1,300.

2,264 எங்க, 1,300 எங்க. காகிதத்துல இருந்த தண்ணியில பாதிக்குக் கிட்ட காணோம். (கார்ப்பெட் ஏரியா, பில்டப் ஏரியான்னு பிளாட் விக்கறவங்க பேசறப்ப நல்லா முறைப்பேன். சொந்தத் தொட்டியில ஏமாந்துட்டேன்.)

அதனால மீன் வாங்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க. உள்பக்கமா வெச்சு அளங்க.

*

அடுத்து, இந்த 1,300 லிட்டருக்கு எத்தனை மீன்?

இதுக்கு ஆளாளுக்கு ஒரு சூத்திரம் வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் என் தொட்டிக்குப் போட்டுப் பாத்தேன்.

ஒண்ணு, கண்ணாடித் தொட்டிக்காரங்க கணக்கு. கேலனுக்கு ஒரு அங்குல மீன். அமெரிக்கக் கேலன் 3.8 லிட்டர். அப்படின்னா எனக்கு 340 அங்குலம்! மூணு அங்குல மீன் நூறுக்கும் மேல விடலாம். (அண்ணா கணக்கே தேவலாம்.)

இன்னொண்ணு, தோட்டத் தொட்டிக்குன்னே இருக்கிற பழைய கணக்கு. தண்ணிப் பரப்பு ஒரு சதுர அடிக்கு ஒரு அங்குல மீன். ஆழத்தைப் பத்தி பேச்சே இல்ல. என் தொட்டியோட பரப்பு 30 சதுர அடி. ஆக 30 அங்குலம்.

கோய் வளக்கறவங்களக் கேட்டா மீனுக்கு ஆயிரம் லிட்டர்ம்பாங்க. எனக்கு ஒண்ணே கால் மீன்.

முந்நூத்தி நாப்பது, முப்பது, ஒண்ணே கால். தலை சுத்துதா? எனக்கும் சுத்துச்சு.

அப்பத்தான் நம்மூர்ல மீன் வளத்து விக்கறவங்க என்ன பண்றாங்கன்னு யோசிச்சேன். அவங்களுக்கு மீன் செத்தா காசு போகும், சும்மா சொல்ல மாட்டாங்க. கட்லா மேல்தண்ணியில, ரோகு நடுவுல, மிர்கால் அடியிலன்னு மூணையும் கலந்து ஏக்கருக்கு ஒரு 2,000 குஞ்சு விடுவாங்க. சென்ட்டுக்கு 20. ஒரு சென்ட் 435 சதுர அடி. என்னோடது 30. வகுத்தா ஒண்ணரை மீன்கூட வரல. கிலோ எடைக்கு வளர்ற மீன்.

கவனிச்சீங்களா? கெண்டை விக்கிற விவசாயியும் கோய் வளக்கிற பணக்காரரும் ஒரே நம்பர்ல வந்து நிக்கறாங்க. விவசாயி லிட்டர்ல பேசறதே இல்ல, ஏக்கர்ல பேசறார். தண்ணிக்குள்ள காத்து போறது மேல்பரப்பு வழியாத்தான். வெயில் விழறதும் அங்கதான். நீங்க பத்தடி ஆழம் தோண்டினாலும் மேல வாய் சின்னதுன்னா மூச்சுக்குப் பத்தாது.

இந்த ஞானமெல்லாம் இப்ப வந்தது. அப்ப நான் என்ன பண்ணேன்னு கேளுங்க.

*

கொளத்தூர் போனோம். சென்னையில கலர் மீன்னா கொளத்தூர்தான், தெருத்தெருவா கடை. ஒரு கடையில "ரெண்டாயிரத்து எரநூறு லிட்டர்"னு பெருமையா சொன்னேன். "தாராளமா அம்பது விடலாம் மேடம்"னார். நான் ரொம்ப ஜாக்கிரதையான ஆளாச்சே, நாப்பது போதும்னேன்.

நாப்பது கோல்டு ஃபிஷ். ஒவ்வொண்ணும் ஒண்ணரை அங்குலம். தண்ணிக்குள்ள ஆரஞ்சு மிட்டாயைக் கொட்டின மாதிரி இருந்துச்சு.

(ஒரு விஷயம் மட்டும் ஒழுங்கா செஞ்சிருந்தோம். புது சிமென்ட் தொட்டியில சுண்ணாம்பு காரம் இறங்கும், மீனுக்கு ஆகாது. வாழைமரத்தைத் துண்டு துண்டா வெட்டிப் போட்டு பத்து நாள் ஊறவெச்சு, அந்த நாத்தத்தைக் கொட்டிட்டு, ரெண்டு தடவை கழுவினோம். கொத்தனார் சொன்ன யோசனை.)

எட்டாம் நாள் ஒண்ணு மிதந்துச்சு. ஒம்பதாம் நாள் மூணு. ரெண்டு வாரத்துல பதினாறு போச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு! என்ன காரணம்னே புரியல. பையன் தோட்டத்துல குழி தோண்டித் தோண்டி, கடைசியில மாதுளைச் செடிக்கு மட்டும் நல்ல காலம்.

டெஸ்ட் கிட் வாங்கிட்டு வந்து சொட்டு மருந்து விட்டா, மஞ்சளா இருக்க வேண்டிய தண்ணி கரும்பச்சையா மாறுது. அமோனியா.

மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியா அமோனியாவை வெளிய தள்ளும். அதைத் தின்னு நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்தற பாக்டீரியா ஃபில்டர்லயும் சுவர்லயும் படியணும். அது படிய நாலுலேருந்து ஆறு வாரம் ஆகும். நாங்க முதல் நாளே நாப்பது பேரைக் குடி வெச்சுட்டோம், கக்கூஸ் கட்டாத வீட்ல.

இதுல எங்க தண்ணி வேற. போர் தண்ணி, உப்பு, பிஎச் எட்டைத் தாண்டும். பிஎச் ஏழுல இருந்து எட்டுக்குப் போனா, அதே அளவு அமோனியாவுல விஷமா மாறற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏறும்.

சரி, நாப்பது மீன் அதிகம்தான். ஆனா நிஜக் குற்றவாளி மீன் இல்ல.

நாங்க.

ஒருநாள் காலையில நான் ஒரு கைப்பிடி தீவனம் போட்டுட்டு உள்ள வர்றேன், வீட்டுக்காரர் டப்பாவோட வெளிய போறார். "நான் போட்டாச்சு." "அப்படியா? நான் தினமும் போடறேனே?" சாயங்காலம் பையன் ஸ்கூல் விட்டு வந்து பையைக்கூட கழட்டாம ஒரு கைப்பிடி. மத்தியானம் யாருக்கும் தெரியாம அத்தை மிச்ச இட்லியை உதுத்துப் போட்டுட்டிருக்காங்க. "வாயில்லா ஜீவன், பாத்தா வருது, எப்படிப் போடாம இருக்கறது?"

சமையல் தராசை எடுத்தேன். என் கைப்பிடி 18 கிராம். அவரோடது 27. பையனோடது 14. மொத்தம் 59 கிராம், இட்லி தனி.

அன்னிக்கு அந்த மீன் நாப்பதையும் சேத்து நிறுத்திருந்தாலே ஒரு 60 கிராம் தேறியிருக்கும். அதாவது ஒவ்வொரு மீனுக்கும் அதோட எடைக்கு எடை சாப்பாடு போட்டிருக்கோம். துலாபாரம்! எடையில ரெண்டு மூணு சதவீதம்தான் போடணும். ஒண்ணரை கிராம். ரெண்டு சிட்டிகை.

தீவனத்துல புரதம் 32 சதவீதம். ஒரு கிலோவுக்கு தோராயமா 30 கிராம் அமோனியா வரும். 59 கிராமுக்கு ஒண்ணே முக்கால் கிராம். அதை 1,300 லிட்டர்ல கரைச்சா ஒரு நாளைக்கே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் ஏறும். மீன் தின்னாலும் சரி, தின்னாம அடியில அழுகினாலும் சரி.

அன்னிக்கே தீவன டப்பா அலமாரி மேல் தட்டுக்குப் போச்சு. ஒரு ஸ்பூன், ஒரே ஆள். அத்தையோட இட்லிக்குத் தடை. (நாலு நாள் என்கூட சரியா பேசல.)

மிச்சம் 24 மீன். அதுக்கப்புறம் ஒண்ணுகூட சாகல. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

*

கோல்டு ஃபிஷ் குட்டியாவே இருக்கும்னு நெனச்சா, கண்ணாடிக் கிண்ணத்துல வெச்ச சினிமா ஷாட் உங்களைக் கெடுத்திருக்குன்னு அர்த்தம். வெளித் தொட்டியில, நம்ம வெயில்ல, ஒரே வருஷத்துல நாலரை அங்குலம் ஆயிடுச்சு. எட்டு, பத்து அங்குலம் வரைக்கும் போற மீன் அது.

நீளம் மூணு மடங்கு. அதனால மூணு மடங்கு மீன்னு நெனச்சுக்காதீங்க. அகலமும் மூணு மடங்கு, தடிமனும் மூணு மடங்கு. 27 மடங்கு எடை. என் 24 மீன், நான் வாங்கின அளவுல பாத்தா 648 மீனுக்கு சமம். ஒரு மீன்கூட கூட்டல, தொட்டி தானா நெரிசலாயிடுச்சு. அங்குலக் கணக்குல இருக்கிற ஓட்டை இதான். பத்து அங்குல மீன் ஒண்ணும் ஒரு அங்குல மீன் பத்தும் காகிதத்துலதான் ஒண்ணு.

அக்னி நட்சத்திரம். ராத்திரி பதினோரு மணிக்குக் கரண்ட் போச்சு. வேர்த்து விறுவிறுத்து நாலரைக்கு முழிச்சேன். பின்பக்கத்துல இருந்து ஒரு சத்தம். சப்... சப்... சப்...

டார்ச் அடிச்சுப் பாத்தா 24 மீனும் தண்ணி மேல. தலையை மட்டும் வெளிய நீட்டி, வாயைத் தொறந்து தொறந்து மூடுது. ஒண்ணும் விலகி ஓடல. கையை விட்டேன், கைமேலயே முட்டிக்கிட்டு நிக்குது. பம்ப் நின்னு அஞ்சரை மணி நேரம் ஆயிருந்துச்சு.

அத்தை பின்னாடியே வந்தாங்க. "மீன் மேல வந்து வாயைப் பொளந்தா மழை வரும்மா."

(மழை வரல. ஆனா அந்தப் பேச்சுல விஷயம் இருக்கு. மூட்டம் போட்ட நாள்ல பாசிக்கு வெயில் கிடைக்காது, பிராணவாயு கம்மியா விடும், மீன் மேல வரும். ஊர்க்காரங்க மீனைப் பாத்து வானத்தைச் சொல்லியிருக்காங்க.)

மக்கை எடுத்து, தண்ணியை மொண்டு மொண்டு மேலேருந்து ஊத்தினோம். நான், அவர், பையன், மாத்தி மாத்தி. ஏழேகாலுக்குக் கரண்ட் வந்துச்சு. அதுக்குள்ள ஒம்பது போயிடுச்சு. போனதெல்லாம் பெருசுங்க. சின்னது எப்படியோ தாக்குப் பிடிச்சுடுச்சு.

தொட்டி பச்சைப் பசேல்னு இருந்தா பகல்ல நல்லதுதான், பாசி வாயுவைக் கொட்டும். ராத்திரி அதே பாசி மீனோட போட்டி போட்டு மூச்சிழுக்கும். விடியறதுக்கு முன்னாடிதான் தண்ணியில காத்து ரொம்பக் கம்மி. அதோட வெயில் காலத் தண்ணிக்குக் காத்தைப் பிடிச்சு வெச்சுக்கற சக்தியும் குறைச்சல். 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் தாங்கும், 30 டிகிரியில ஏழரைதான். ஆனா சூட்டுல மீனுக்கு மூச்சுத் தேவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வரவு குறையுது, செலவு ஏறுது. மாசக் கடைசி எங்க வீடு மாதிரி.

அந்த சதுர அடி சூத்திரமெல்லாம் குளிர் தேசத்துல, தோட்டத்துல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்து போட்டது. தாம்பரத்து மே மாசம் அதுல இல்ல.

அதனால நான் இப்ப சாயங்காலம் அஞ்சு மணிக்கு, பம்ப் ஓடும்போது, மீன் துள்ளும்போது தொட்டியைப் பாத்து எண்ணிக்கை முடிவு பண்றதில்ல. மே மாசம், கரண்ட் இல்ல, விடிகாலை நாலரை. அப்ப எத்தனை பிழைக்கும்? அதுவும் முழுசா வளந்த மீன்.

*

பதினஞ்சு மிச்சம். அதுல எட்டைக் குடுத்துடணும்னு முடிவு பண்ணேன்.

"ஏரியில விட்டுடலாமே, சுதந்திரமா இருக்கும்"னார் வீட்டுக்காரர். ஐயா, வேணாம். 1952ல நல்லதுக்குன்னு இந்தியாவுக்குக் கொண்டு வந்ததுதான் ஜிலேபிக் கெண்டை, இப்ப அது இல்லாத ஏரி எது? 'டேங்க் கிளீனர்'னு விக்கற அந்தச் செதில் பிடிச்ச சக்கர் மீனும் யாரோ பாவம்னு கொண்டுபோய் விட்டதுதான், இன்னிக்கு சென்னை ஏரிகள்ல வலையைக் கிழிக்குது. ரெண்டு வீட்டுல பெரிய தொட்டி இருந்துச்சு, அங்க குடுத்தேன்.

அத்தை மட்டும் விடல. "விரால் விடும்மா. சேத்துலகூட கிடக்கும். பனையேறிக் கெண்டை விடு, அதுக்குத் தண்ணியே வேணாம்." உண்மைதான். ரெண்டும் மேல வந்து காத்தையே குடிக்கிற மீன், நாலரை மணி பிரச்சனையே கிடையாது. பனையேறி மேல 1790கள்லயே தரங்கம்பாடி டேனிஷ்காரர் ஒருத்தருக்கு மயக்கம். அது பனைமரத்துல ஏறினதைப் பாத்ததாவே எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். ஆனா விராலை விட்டா கோல்டு ஃபிஷ் அதோட டிஃபன். பனையேறி ஒரு மழை ராத்திரி நடந்தே அடுத்த வீட்டுக்குப் போயிடும்.

கொசுவுக்கு மட்டும் கொஞ்சம் கப்பி இருக்கு. அதை எண்ணிக்கையில சேக்கறதில்ல, சேக்கவும் முடியாது. மாசத்துக்கு ஒருதடவை குட்டி போடும், கோல்டு ஃபிஷ் குட்டியைத் தின்னும். குடும்பக் கட்டுப்பாடு.

ஆக ஏழு. ஒவ்வொண்ணும் இப்ப அஞ்சு அங்குலம். கூட்டினா 35. சட்டப்படி 30தான். ஆமா, நானே சட்டத்தை மீறிட்டுத்தான் இருக்கேன். அதுக்காக பேட்டரியில ஓடற காத்து மோட்டார் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், கரண்ட் போனா தானா ஓடும். வாரத்துக்கு ஒருதடவை கால்வாசித் தண்ணி மாத்தறேன். ஃபில்டர் பஞ்சை அதே தொட்டித் தண்ணியில அலசறேன், பாக்டீரியா போயிடக் கூடாதேன்னு.

*

சரி, டப்புக்கு வருவோம்.

கோய் ரெண்டடி வளரும். 4 அடி 2 அங்குல அகலத்துல ரெண்டடி மீன் திரும்பறது, எங்க தெருவுல லாரி யூ டர்ன் அடிக்கற மாதிரி. கூடவே ஏழு பேர் இருக்காங்க.

"மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்தது, திருப்பிக் குடுக்கக் கூடாது"ங்கறாங்க அத்தை.

"பெருசாகும்போது பாத்துக்கலாமே"ங்கறார் வீட்டுக்காரர்.

பையன் ஏற்கெனவே பேர் வெச்சுட்டான். மஞ்சளுக்கு லட்டு. திட்டுத் திட்டா இருக்கறதுக்கு ஊத்தப்பம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணா மறுபடி வர்றாராம், "மீன் எப்படி இருக்குன்னு பாக்க". அதுக்குள்ள அஞ்சாயிரம் லிட்டருக்கு மேல தொட்டி இருக்கறவங்க யாராவது, உள்பக்கம் டேப் வெச்சு அளந்துட்டு, எனக்குச் சொல்லுங்க. லட்டையும் ஊத்தப்பத்தையும் நானே கொண்டு வந்து விடறேன். அண்ணா வர்ற அன்னிக்கு மட்டும் ஒரு நாள் இரவல் குடுத்தா போதும்.